பச்சைக் கார் விற்பனைக்கு இல்லை

அன்புக்கும், அதைவிடச் சற்றுக் கூடுதலான மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும், காரும், காரோடு வந்த கோழியும் சுகம். அங்கே நீங்கள் சுகமாக இருப்பதை உங்கள் கடிதத்தின் நீளத்திலிருந்தே தெரிந்துகொண்டேன். உடம்புக்கு முடியாதவரால் ஆறு பக்கத்துக்கு அறிவுரை எழுத முடியாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். காரை விற்க மாட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஓட்டல்கார நண்பரை அழைத்துக்கொண்டு வரப்போவதாகவும், அவர் என் காரைத் தம் ஓட்டல் வாசலில் அழகுக்கு நிறுத்தி, பானெட்டைத் திறந்து உள்ளே மண் கொட்டிப் பூச்செடி வைக்கப் போவதாகவும், அதனால் வண்டிக்கும் ஒரு கௌரவம், எனக்கும் நிம்மதி என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மாதம் முதுகு ஒடிய உட்கார்ந்து உயிர் கொடுத்த இன்ஜின் இருக்கிற இடத்தில் ரோஜாச் செடியா? உங்கள் நண்பருக்குப் பூந்தொட்டி வேண்டுமென்றால் பூந்தொட்டி விற்கிற இடத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்றபின் நான் யாரென்பதே இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் மறந்துபோய்விட்டதால் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. லைசென்ஸ் ஆபீசில் முப்பத்தோரு வருடம் டெஸ்ட் எடுத்தவன். டாஷ்போர்டு மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து, விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் ஊற்றி, மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, மேட்டில் நிறுத்தி எடுத்து, ரிவர்ஸில் வந்து நிற்கச் சொல்வேன். சிந்தினால் ஃபெயில். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அந்த டம்ளர் கிடையாது, நானாகக் கொண்டுவந்த முறை. வாத்தியார், வக்கீல், எங்கள் மேலதிகாரியின் மருமகன் என்று யாருக்கும் நான் சலுகை காட்டியதில்லை. உங்களை மூன்று முறை ஃபெயில் போட்டேன். மூன்றாவது முறை தண்ணீர் சிந்தவில்லை என்பது உண்மைதான், டம்ளரே ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. நான்காவது முறை, எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்த வாரமாகப் பார்த்துப் போய், என் இடத்தில் உட்கார்ந்திருந்த, ஸ்டீயரிங் எது என்று கைகாட்டினாலே பாஸ் போடுகிற அந்தப் புண்ணியவானிடம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டீர்கள். அதுவும் எனக்கு மாத்திரை வாங்கக் கிளம்பிய உங்கள் தங்கையையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனதால், மாத்திரை வீடு வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

உங்கள் தங்கையையும் ஃபெயில் போட்டேன். கல்யாணமாகி நாலாவது மாதம். மேட்டில் வண்டியை எடுக்கும்போது கிளட்சைப் படக்கென்று விட்டுவிட்டாள், நாலு சொட்டு என் பேன்ட்டில் விழுந்தது. ஊருக்கு ஒரு நியாயம், பெண்டாட்டிக்கு ஒரு நியாயமா? போட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் டம்ளரில் பாதிதான் இருக்கும். கேட்டால், "நிறைய ஊத்தினா சிந்திடும்ங்க, அப்புறம் என்னை ஃபெயில் போட்டுடுவீங்க" என்பாள். தாகத்துக்கு நான் இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடிக்கிறேன், இப்படியே காலம் ஓடிவிட்டது.

இப்போது கார். என் சர்வீசிலேயே அந்த டம்ளரில் தண்ணீரை அசையக்கூட விடாமல் டெஸ்டை முடித்தவர் ஒரே ஒருவர்தான், ஒரு பல் டாக்டர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், தம் அப்பா ஓட்டிய பழைய பச்சைக் காரிலேயே வந்தார். உருண்டை முதுகு, முட்டைக்கண் விளக்கு, கதவைச் சாத்தினால் பெட்டியை மூடுவதுபோல ஒரு கனமான சத்தம். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அது அசையவே இல்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், வாங்கினால் இதைத்தான் வாங்குவது. மற்றவர்கள் புதுசு புதுசாக வாங்கியபோதெல்லாம் நான் பஸ்ஸில் போனதற்குக் காரணம் கஞ்சத்தனம் என்று உங்கள் வீட்டில் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். கஞ்சத்தனம் இல்லை மச்சான், நான் காத்திருந்தேன். இந்த வருடம்தான் அந்த டாக்டரின் மகளைத் தேடிப் பிடித்தேன். கார் அவர்கள் வீட்டுப் பின்கட்டில், நான்கு டயரும் தரையோடு ஒட்டி, கோழிக்கூடாக இருந்தது. அந்தப் பெண், "அங்கிள், நிஜமாத்தான் கேக்கறீங்களா?" என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் ஆமாம் என்றேன்.

கட்டி இழுத்துக்கொண்டு வந்த அன்று எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வண்டி வளைவில் திரும்பியதும் பின் சீட்டிலிருந்து ஒரு கோழி எழுந்து கண்ணாடி வழியாக எல்லோரையும் பார்த்தது, அதைப் பார்த்துத் தையல்கார அம்மா, "சார், டிரைவர் பின்னாடி உக்காந்திருக்காரே" என்று கேட்க, தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். திருப்பி அனுப்பிய கோழி மறுநாளே வந்துவிட்டது, முட்டையிட வேறு இடம் அதற்குப் பிடிக்கவில்லை. மெக்கானிக் ஒருவரைப் பிடித்தேன், எதைக் காட்டினாலும் "சின்ன வேலைதான் சார்" என்பார், அதனால் தெருவில் அவருக்குச் சின்ன வேலை என்றே பெயர். அந்தச் சின்ன வேலைக்காக இன்ஜினை மொத்தமாகப் பிரித்து, ஒன்றோடொன்று கலக்கக் கூடாதென்று எங்கள் சாப்பாட்டு மேஜைமேல் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் நான் என் கையால் சீட்டு எழுதி வைத்தேன். உங்கள் தங்கை மேஜையைத் துடைக்கிறேன் பேர்வழி என்று சீட்டுகளைச் சேகரித்து ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தாள். திரும்பப் பூட்டினோம். முடித்தபின் மூன்று போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்கும் மிச்சம். "மிஞ்சினா நல்லதுதான் சார், குறைஞ்சாத்தான் பயம்" என்றார் சின்ன வேலை. கார்புரேட்டரைக் கழுவிய பாத்திரத்தில் பிறகு ரசம் வைக்கப்பட்டதும், நாங்கள் இருவரும் அரைநாள் எதைச் சாப்பிட்டாலும் பெட்ரோல் பங்க் நினைவாகவே இருந்ததும் உங்களுக்கு ஏற்கெனவே போனில் சொல்லப்பட்டிருக்கும். இடப்பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும், வைப்பரைக் கையால் ஓட்டவேண்டும், டிக்கியை உள்ளேயிருந்துதான் திறக்கமுடியும். இதையெல்லாம் குறை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் புதுக் காரில் கதவு திறந்திருந்தால் ஒரு பெண் குரல் திட்டுகிறதே, அதை நான் என்றைக்காவது சொல்லிக் காட்டினேனா?

ஆனால் இன்ஜின் ஓடுகிறது, மச்சான். ஓடுகிறது! சாவியைத் திருப்பியதும் முதலில் ஒரு இருமல், அப்புறம் ஒரே சீராக ஒரு முனகல். அன்றைக்கு நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். தூசி என்று சொல்லிச் சமாளித்தேன், சின்ன வேலையும் தனக்கும் தூசி என்றார்.

அழாதவள் உங்கள் தங்கை ஒருத்திதான். முன் சீட்டுக்குப் புது உறை போட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வா, முதல்ல நீதான் ஏறணும்" என்றேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "நான் ஃபெயிலான ஆளு. உங்க வண்டியில எனக்கென்ன வேலை?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அதற்கு மேல் வந்ததுதான் உங்களுக்குத் தெரிந்த விஷயம். காரை என் பெயருக்கு மாற்ற ஆபீசுக்குப் போனேன். என்னிடம் ஜூனியராக இருந்து இப்போது டெஸ்ட் எடுக்கிற அம்மாள் என் லைசென்ஸை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "சார், இது காலாவதியாகிப் பன்னண்டு வருஷம் ஆச்சே" என்றார். முப்பத்தோரு வருடமும் அடுத்தவர் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், நான் எதற்காக என் லைசென்ஸைத் திறந்து பார்ப்பேன்? புதிதாக எல் போர்டு வாங்கி, புதிதாக டெஸ்ட் கொடுக்கவேண்டுமாம். அதன்படி எல் போர்டு வாங்கி ஒரு மாதம் ஆனதும், இந்த வாரம்தான் உங்கள் தங்கை தீர்ப்புச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த வண்டி முறைப்படி லைசென்ஸோட ரோட்டுல ஓடணும். ஓடலைன்னா அண்ணன்கிட்ட சொல்லி ஓட்டல்காரருக்குக் கொடுத்துடலாம்." நானும் சரியென்று சொல்லிவிட்டேன். நான் சொன்ன சொல் மாறாதவன்.

நாளை வெள்ளிக்கிழமை காலை டெஸ்ட். அந்த அம்மாள் இன்றும் என் டம்ளரைத்தான் வைக்கிறாராம், அதே டம்ளர், அடியில் நான் ஆணியால் கீறிய எண்ணோடு. வைக்கட்டும். அந்த முறையைக் கண்டுபிடித்தவனே நான். அந்தக் காரில் தண்ணீர் அசையாததைக் கண்ணால் பார்த்தவனும் நான். எனவே மச்சான், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவேண்டாம். ஓட்டல்காரர் வரவே வேண்டாம். ஒருவேளை வந்தால், நான் ஓட்டிப் போகிற புழுதியைத்தான் இருவரும் பார்ப்பீர்கள். மூன்று முறை ஃபெயிலாகி, நான் படுத்திருந்த நேரத்தில் பாஸானவர் எனக்கு வண்டியைப் பற்றிப் புத்தி சொல்லத் தேவையில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள், நன்றாகப் படித்து, முறைப்படி லைசென்ஸ் எடுத்து, நீண்ட நாள் வாழட்டும். உங்கள் ஊருக்கு நாளை மாலை கிளம்புகிற பக்கத்து வீட்டு நர்ஸம்மா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒருபோதும் விற்காத,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு (வெள்ளி, மாலை): நர்ஸம்மா வாசலில் நிற்கிறார், கடிதத்தை மாற்றி எழுத நேரமில்லை. புழுதி பற்றியும் மூன்று முறை பற்றியும் எழுதியதைப் படிக்காமல் தாண்டிவிடுங்கள்.

டம்ளர் சிந்திவிட்டது. முதல் வளைவிலேயே, இடப்பக்கம். ஹாரன் அடித்தது, நான் பதறி பிரேக்கை மிதித்தேன், முழு டம்ளரும் என் மடியில். அந்த அம்மாள் கண் கலங்க, "மன்னிச்சுக்கங்க சார், நீங்க கத்துக்கொடுத்ததுதான்" என்று ஃபெயில் போட்டார். நல்ல அதிகாரி. வண்டியைக் கொண்டுவந்து விட்ட சின்ன வேலை வேறொரு சின்ன வேலைக்குப் போய்விட்டார், வீட்டுக்கு ஓட்ட ஆளில்லை. நம்பிக்கையில்லாமல் பின்னாலேயே ஆட்டோவில் வந்திருந்த உங்கள் தங்கை, கைப்பையைத் திறந்து ஒரு லைசென்ஸை எடுத்து என் கையில் வைத்தாள். மஞ்சள் காமாலை வாரத்துத் தேதி. ஒரு தடவை விடாமல் புதுப்பித்திருக்கிறாள், எங்கள் ஆபீசிலேயே, மூன்றாம் கவுன்டரில், நான் வெளியே மைதானத்தில் அடுத்தவர்களை ஃபெயில் போட்டுக்கொண்டிருந்தபோது. ஆபீஸ் முழுக்கத் தெரியுமாம். அன்றைக்கு அவளை டெஸ்டுக்கு அழைத்துப் போனதே நீங்கள்தானாம். உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உங்கள் காரை ஓட்டியதும் அவள்தானாம். "ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். "டம்ளர் வைக்காம வாங்கின லைசென்ஸ் செல்லாதுன்னு கிழிச்சுப் போட்டிருப்பீங்க" என்றாள். கிழித்திருப்பேன், மச்சான்.

அந்த அம்மாளிடமே டம்ளரைக் கேட்டு வாங்கி, தானே தண்ணீர் ஊற்றி, டாஷ்போர்டில் வைத்துவிட்டு ஸ்டீயரிங் முன் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். மேம்பாலம், மார்க்கெட், பள்ளிக்கூட வளைவு, எங்கள் தெரு. இடப்பக்கம் திரும்பியபோதெல்லாம் ஹாரன் அடித்தது, அவள் அதற்குப் பழகியவள்போலத் தலையசைத்தாள். வாசலில் இறங்கியதும் ஒப்பந்தத்தை நினைத்து நான் வாய் திறப்பதற்குள், "வண்டி ஓடணும்னுதானே சொன்னேன். நீங்க ஓட்டணும்னு சொன்னேனா?" என்றாள்.

ஆகவே கார் எங்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டல்காரர் இல்லாமல் நீங்கள் அவசியம் வரவும். அவள் ஓட்டுகிறாள், நான் பக்கத்தில், நீங்கள் பின்னால் கோழியோடு. அடுத்த டெஸ்ட் வரை எனக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். கடைசியாக ஒன்று. இன்ஜினை அணைத்துவிட்டு அந்த டம்ளரை எடுத்து என்னிடம் நீட்டி, "குடிங்க" என்றாள். குடித்தேன். ஒரு விரல் மட்டும் குறைந்த முழு டம்ளர், மச்சான். இரண்டாவது முறை கேட்கத் தேவைப்படவில்லை.