துண்டுக்கடியில் ஒரு ஜீப்பு

போடிநாயக்கனூரில் நடமாடிய மனிதர்களில், ஆயுள் முழுக்க ஒரு பொருளின் விலையைக்கூட வாய்விட்டுச் சொல்லாதவர் துண்டுத் தரகர் ஒருவர்தான். விலையைச் சத்தமாகச் சொல்வதும் நடுத்தெருவில் வேட்டியை அவிழ்ப்பதும் அவருக்கு ஒன்று.

அந்த நாளில் மாட்டுச் சந்தையிலும் ஏலக்காய் மண்டியிலும் விலை பேசுவது துண்டுக்கடியில்தான். விற்பவர் கையும் வாங்குபவர் கையும் துண்டுக்குள் போகும். விரல்களைப் பிடித்தே கேள்வியும் பதிலும் நடக்கும். வெளியே நிற்பவனுக்கு இரண்டு முகங்கள் மட்டும்தான் தெரியும். பேரம் படிந்தால் துண்டை எடுத்து உதறுவார்கள். உதறிய பிறகு பேச்சு மாறக்கூடாது. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது.

மற்றவர்கள் இதைச் சந்தையோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். துண்டுத் தரகர் விடவில்லை. காப்பிக் கடைக்குப் போனால் கடைக்காரர் கையைத் துண்டுக்குள் இழுத்துவிடுவார். "அண்ணே, காப்பி வெலை ஊருக்கே தெரியும்ணே, பலகையில எழுதிப் போட்டிருக்கு" என்று அவர் கதறுவார். "அது ஊருக்குப் போட்ட வெலை. எனக்கு என்ன வெலை?" என்பார் தரகர். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கிற துவாரத்துக்குள் துண்டோடு கையை நுழைத்து உள்ளே இருந்தவன் விரலைப் பிடித்துவிட்டார். பாம்பு என்று நினைத்து அவன் போட்ட கூச்சலில் படம் பார்க்க வந்தவர்கள் பாதிப் பேர் வெளியே ஓடினார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பேசச் சிலமலைக்குப் போன இடத்தில் சம்பந்தியின் கையைத் துண்டுக்குள் பிடித்தார். அந்த மனிதர் வாத்தியார், சந்தைப் பக்கமே போகாதவர். நாடி பார்க்கிறார் என்று நினைத்து, "ரெண்டு நாளா பித்தமா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். "பித்தத்துக்கு ரெண்டு பவுனு கொறைச்சுக்குவோம்" என்று அங்கேயே முடித்துவிட்டு வந்தார் தரகர்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தபால்காரருக்கும் தெரியாது.

எனக்கு ஜீப்பு கிடைத்தது அவரால்தான். பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப்பு அது. கதவு கிடையாது. ஹாரன் உண்டு, அதற்கு மனசு வந்தால் அடிக்கும். மண்டி முதலாளி ஒருவர் வாங்கிப் போட்டிருந்தார். நான் அப்போது வண்டி ஓட்டத் தெரிந்த, வாய் பேசத் தெரியாத பையன். ஒரு கடையில் போய் உப்பு கேட்பதற்கே யாராவது கேட்கட்டும், அவருக்குப் பின்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று நிற்பேன். எனக்காகத் தரகர் போனார். முதலாளி கையைத் துண்டுக்குள் பிடித்து, மூன்று வருஷக் குத்தகை, மாதா மாதம் இவ்வளவு, குத்தகை முடிந்ததும் வண்டியை நானே வாங்கிக்கொள்ள இவ்வளவு என்று எல்லாவற்றையும் முடித்தார். துண்டை உதறினார். பிறகு என்னிடம் வந்து, ஆளே இல்லாத இடத்தில், மறுபடியும் துண்டைப் போட்டு என் விரலைப் பிடித்து விலையைச் சொன்னார்.

"வெளங்குச்சா மாப்ளே?"

"வெளங்குச்சுண்ணே."

அந்த விலையை நானும் இன்றுவரை யாரிடமும் வாயால் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.

மூன்று வருஷம் ஓட்டினேன். விடிகாலையில் எஸ்டேட்டுக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவேன். சாயங்காலம் அவர்களையும் ஏலக்காய் மூட்டைகளையும் இறக்கிக்கொண்டு வருவேன். வாங்குகிற விலைக்குப் பணம் சேர்ந்துகொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து நாட்டில் வண்டிப் பஞ்சம் வந்தது. புது வண்டிக்குப் பெயர் பதிந்தவர்களுக்குப் பேரன் பிறந்தது, வண்டி வரவில்லை. பட்டாளத்து ஜீப்பெல்லாம் விற்றுத் தீர்ந்துபோனது. ராசிங்காபுரத்தில் ஒருவர் தோட்டத்தில் கோழி அடைந்துகொண்டிருந்த ஜீப்பைக்கூட, கோழியை விரட்டிவிட்டுக் கழுவி நல்ல விலைக்கு விற்றார்கள்.

குத்தகை முடிந்த அன்று பணத்தை மடியில் கட்டிக்கொண்டு மண்டி முதலாளி முன்னால் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"வண்டிய மெட்டுக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட் மேனேசருக்குப் பேசியாச்சு. அட்வான்ஸும் வாங்கியாச்சு. நாளைக்கு மண்டிக்குக் கொண்டாந்து விட்டுட்டுப் போ."

"மொதலாளி... அன்னைக்குப் பேசின வெலை..."

"யாரு பேசினா? நான் வாயத் தொறந்து வெலை சொன்னனா? நீ காதால கேட்டியா?"

கேட்கவில்லைதான். யாருமே கேட்கவில்லை. வண்டி போனால் எனக்கு வேறு சோலி கிடையாது. பஞ்ச காலத்தில் வேறு வண்டியும் கிடையாது. மடியில் கட்டிய பணத்தோடு திரும்பி வந்தேன்.

தரகர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பாதிச் சோற்றில் கையைக் கழுவினார்.

"புடிச்ச விரல இல்லைங்கிறானா?"

"ஆமாண்ணே."

கொலைச் செய்தி கேட்டிருந்தால்கூட அவர் முகம் அப்படி ஆகியிருக்காது. எழுந்து போய்த் துண்டைத் துவைத்துக் காயப்போட்டார்.

மறுநாள் மண்டியில் ஏலக்காய் வியாபாரம். வடக்கேயிருந்து சேட்டுகள் வந்திருந்தார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் புடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜீப்பை எடுத்துப்போக எஸ்டேட் மேனேசரும் வந்து நின்றார். முதலாளி நடுவில் உட்கார்ந்து, வலது கையை ஒரு சேட்டிடம் கொடுத்துத் துண்டுக்கடியில் பேரம் நடத்திக்கொண்டிருந்தார். துண்டுத் தரகர் நேரே போய் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். வெள்ளைவெளேரென்ற துண்டை மடியில் விரித்தார்.

"அந்தக் கை சேட்டுக்கு இருக்கட்டும். இந்தக் கையக் குடுங்க."

"என்ன சோலியா வந்தீரு?"

"ஜீப்பு சோலி."

"அதான் முடிஞ்சு போச்சே!"

"முடிஞ்சதத்தான் புடிச்சுப் பாக்க வந்தேன். மூணு வருசத்துக்கு முந்தி எந்த விரலப் புடிச்சீங்களோ அந்த விரலப் புடிங்க. வெரசா எந்திரிச்சுப் போயிறேன்."

அத்தனை பேருக்கு நடுவில், நீட்டிய துண்டுக்குள் கை விடாமல் இருக்க எந்த வியாபாரியாலும் முடியாது. உள்ளே நடப்பது யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியமும் அவருக்கு இருந்திருக்கும். கையை விட்டார். பிடித்தார்.

தரகர் கண்ணை மூடினார். திறந்தார். மண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"மாறுது."

முறங்கள் நின்றன.

முதலாளி அவசரமாக வேறு விரலைப் பிடித்தார் போலிருக்கிறது. "ம்ஹூம். இதுவும் மாறுது."

"என்னடி மாறுது?" என்றாள் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி.

"மொதலாளி விரல் மாறுதாம் ஆத்தா!"

அது வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. வலப்பக்கத்துச் சேட்டு மெதுவாகத் தன் கையைத் துண்டுக்குள்ளிருந்து உருவி எடுத்து, ஐந்து விரலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "சேட்டு நாளைக்கி வரும்" என்று எழுந்தார். அடுத்த சேட்டும் செருப்பைத் தேடினார்.

மலையாளத்துக்காரரான மேனேசர் மட்டும் விஷயம் புரியாமல், "ஞான் அட்வான்ஸ் தந்நதல்லே மொதலாளி?" என்றார்.

"செத்த சும்மா இருமையா!"

தரகர் அவர் பக்கம் திரும்பினார். "சாரு, ஒங்க எஸ்டேட் காயும் இந்தக் கையிலதான விக்கிது? நல்லா யோசிச்சுக்கங்க."

மேனேசர் யோசித்தார். உள்ளே அடுக்கியிருந்த தன் மூட்டைகளைப் பார்த்தார். "ஜீப்பு அவிடெ நிக்கட்டே. ஆத்யம் என்டெ ஏலக்காயுடெ வெல ஒண்ணுகூடி பறயணும்" என்று, தன் காய்க்கு விலையை முதலில் மறுபடி பேச அவரும் ஒரு துண்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

வெறும் ஜீப்புத் தகராறு என்று நினைத்திருந்த முதலாளிக்கு மண்டியே போகிற நிலை. துண்டு ஒருமுறை அசைந்தது. தரகர் முகம், வெயிலில் நடந்து வந்தவன் பானைத் தண்ணீர் குடித்த மாதிரி ஆயிற்று.

"இதான். இதே விரலு. அன்னைக்கும் இந்த மோதிரம் குத்துச்சு."

"விடும்யா கைய!"

அவர் விடவில்லை. "ரெண்டு தடவை மாறுச்சே, அதுக்கு? அந்த ஸ்டெப்னி டயரு..."

"எடுத்துட்டுப் போம்!"

"ஜாக்கி..."

"போம்!"

"மழை வருது. தார்ப்பாயும் வேணும்ல?"

"எல்லாத்தையும் அள்ளிட்டுப் போய்த் தொலையும்!"

தரகர் எழுந்து துண்டை உதறினார். காய் புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குலவை போட்டார்கள். பாதிப் பேர் என் ஜீப்பில் மலை ஏறி இறங்கியவர்கள். சேட்டுகள் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். நான் மடியிலிருந்த பணத்தை முதலாளி முன்னால் வைத்தேன். அதன் பிறகும் தரகர் நகரவில்லை. ரெண்டு பக்கமும் தரகு வாங்குவதுதான் முறை என்று நின்றார். முதலாளி கொடுத்தார். கொடுக்காவிட்டால் தரகர் துண்டை மறுபடியும் விரித்திருப்பார்.

அடுத்த நாள் காலை என் சொந்த ஜீப்பு முதல் தடவையாக மெட்டு ஏறியது. முன் ஸீட்டில் துண்டுத் தரகர். வண்டியில் மலை ஏறியதே இல்லையாம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் தோளைப் பிடித்த பிடி சாயங்காலம்வரை வலித்தது. மெட்டில் நிறுத்தினேன். முன்னால் புகை புகையாக ஆவி வந்தது. பெண்கள் இறங்கினார்கள். நான் டீக்கடைப் பக்கம் திரும்பினேன்.

"மாப்ளே!"

அவர் வண்டிக்கு முன்னால் நின்று, சுடுகிறதே என்றும் பார்க்காமல், அதன் மேல் கையை வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுப் பேரச் சொமந்துட்டு ஏறியிருக்கு. நீ பாட்டுக்கு டீ குடிக்கப் போற. மொதல்ல அதுக்குத் தண்ணி காட்டுய்யா."

அவர் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. நானும் எத்தனையோ வண்டி மாற்றிவிட்டேன். இப்போது இருப்பது மெட்டு ஏறினால் சூடாவதே இல்லை. இருந்தாலும் மேலே போய் நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறேன். நிரம்பி வழிகிறது. பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். வழிந்து முடிக்கட்டும் என்று நின்றுவிட்டு, அப்புறம்தான் டீக்கடைக்குப் போகிறேன்.