மீற்றர் அண்ணையும் செவ்வாய்க்கிழமைக் கோளாறும்

இத்தாலியின் பலேர்மோவில் கார் வைத்திருக்கிற தமிழர் எவரும் மீற்றர் அண்ணையிடமிருந்து தப்பியதில்லை. சொந்தமாகக் கார் இல்லாத, லைசென்ஸ் இல்லாத, ஸ்ரியரிங்கைப் பிடித்து ஒரு முழத் தூரம்கூட ஓட்டியிராத அந்த மனிதர், இந்த ஊரில் எங்களவர்களின் கார்கள் அத்தனையின் வயிற்றுக்குள்ளும் தலையை விட்டிருக்கிறார். லைசென்ஸ் எழுத்துப் பரீட்சையில் அவர் ஒவ்வொரு முறையும் விழுந்ததற்குக் காரணம், கேள்வியே பிழை என்று பரீட்சை நடத்தியவரோடு வாதாடியதுதான் என்று ஒரு கதை உண்டு. அது அவரே சொன்ன கதை.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி அட்டையில் அச்சடித்திருப்பார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. லிபெர்த்தாத் தெருப் பக்கத்து மாடிக் கட்டடங்களில் படி கழுவுவது அவருடைய தொழில். ஆனால் வேலைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் கரண்ட் அளக்கிற மஞ்சள் மீற்றர் ஒன்று கழுத்தில் தொங்கும். ஒருமுறை பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்திய வீட்டுக்குப் பட்டு வேட்டியோடும் மீற்றரோடும் வந்தார். வீடியோக்காரர் பாவம், மண்டபத்து மின்சாரக்காரர் என்று நினைத்து, பிளக் எங்கே என்று கேட்டுவிட்டார். அந்த வீடியோவை இன்றைக்குப் போட்டாலும் பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கிற காட்சி முழுவதும், கமெராவின் பற்றறியை எப்படிப் பராமரிப்பது என்று அவருடைய குரல்தான் கேட்கும்.

இருதயத்தில் கருவி வைத்துப் படுத்திருந்த ஒருவரைப் பார்க்கப் போனபோதும் இதே கதைதான். தோடம்பழப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, சுகம் விசாரிக்க முன்பே கேட்டார்.

"உள்ளுக்கை வைச்சது எத்தினை வோல்ட் எண்டு டொக்டரிட்டைக் கேட்டனீங்களோ?"

"கேக்கேல்லை அண்ணை," என்றார் நோயாளி ஈனக்குரலில்.

"கேட்டிருக்கவேணும். மாத்துற காலம் வரேக்கை ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

நோயாளியின் மனைவி அவரைக் கோப்பி குடிக்கக் கூட்டிக்கொண்டு போய், அப்படியே வாசலில் வழியனுப்பிவிட்டு வந்தார்.

கார் ஸ்ரார்ட் ஆகவில்லை என்று அவரைக் கூப்பிட்டால் உடனே பொனற்றைத் திறக்கமாட்டார். முதலில் விசாரணை. காரை நேற்று எங்கே கொண்டுபோனீர், எவ்வளவு நேரம் லைற்றைப் போட்டுக்கொண்டு நின்றீர், எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்டீரா என்று பொலிஸ் தோற்கும்படி கேட்பார். அவசரமாக ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினாலும் அளக்கமாட்டார். "ஓடி வந்த மனுசனுக்கு அந்த மூச்சோடை பிரஷர் பாக்கிறதோ? கார் ஆறட்டும்," என்பார். கார் ஆறுவதற்குள் அவருக்கு இரண்டு தேத்தண்ணி ஆகியிருக்கும், எங்களுக்கு வேலைக்குப் போகிற நேரம் தப்பியிருக்கும். ஓய்ந்து நிற்கிற பற்றறி பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆரோக்கியம். பன்னிரண்டுக்குக் கீழே போனால் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பார்த்துக் கண்கலங்கியவர்களும் இருக்கிறார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் மனைவி லிபெர்த்தாவில் ஒரு வயதான சின்யோராவைப் பராமரிக்கிறாள். அந்த அம்மாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி காலைகளில் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஆம்புலன்ஸில் ஏறமாட்டார். வாசலில் அது வந்து நின்றால் தான் செத்துப்போனதாக நினைத்து அயலவர்கள் மலர்வளையம் அனுப்பிவிடுவார்களாம். எனக்கு உணவகக் குசினியில் பின்னேர வேலை என்பதால் காலையில் நான்தான் சாரதி. அதற்காகவே ஒரு பழைய சின்னக் கார் வாங்கினோம்.

அந்தக் கார் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் படுத்துக்கொண்டது. பின்னேரம் ஆருடையவாவது காரிலிருந்து கரண்ட் கொடுத்து எழுப்பிவிட்டால் வியாழனும் சனியும் பேசாமல் ஓடும். செவ்வாய் விடியச் சாவியைத் திருப்பினால் டிக், டிக் என்று நாக்கைத் தட்டும், அவ்வளவுதான்.

"காருக்குச் செவ்வாய்க் குற்றம் இருக்கு," என்றாள் மனைவி.

"அதுக்கென்ன, காருக்கு இப்ப கலியாணம் பேசுற யோசனை ஒண்டும் இல்லையே."

அவள் பார்த்த பார்வையில் எனக்குப் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

தெருமுனைக் கராஜ்காரர் பழுதையே பார்க்காமல் புதுப் பற்றறியைப் பூட்டிவிட்டார். அடுத்த செவ்வாய் அந்தப் புதுப் பற்றறியும் படுத்தது. வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது சின்யோராவுக்கு ஒதுக்கிய நேரம் பாதி போய்விட்டிருந்தது. அன்று மத்தியானமே மிலானோவில் இருக்கிற அவருடைய மகன் போன் எடுத்தார். அம்மாவின் உயிர் விசயம், இன்னொரு தடவை பிந்தினால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்றார். அவரில் பிழை சொல்லமுடியாது. ஆனால் மனைவிக்குப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற காலம் அது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெஸ்ஸோ கொடுக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்துராவின் படியில் கால் வைக்கமுடியாது. அடுத்த செவ்வாய் கார் படுத்தால் வேலை படுக்கும், வேலை படுத்தால் பெர்மெஸ்ஸோ படுக்கும். சிரித்துக்கொண்டு எழுதுகிறேனே தவிர, அந்தக் கிழமை எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை மீற்றர் அண்ணை வந்தார். விசாரணை முடிந்தது. கார்க் கதவைத் திறந்து, முன்னுக்கு இருந்த சின்னப் பிள்ளையாரைத் தொட்டுக் கும்பிட்டார். பிள்ளையாரைச் சுற்றிப் பச்சையும் சிவப்புமாக ஓடி ஓடி எரிகிற லைற் மாலை. மனைவியின் நேர்த்திக்கடன் அது, பெர்மெஸ்ஸோ வரும்வரை அணையக்கூடாது. பிறகு பொனற்றைத் திறந்து, பற்றறித் தலையில் வெள்ளையாகப் பூத்திருந்த துருவைப் பார்த்தார்.

"சுடுதண்ணியும் பழைய பல்லுத் தீட்டுற பிரஷ் ஒண்டும் கொண்டுவாரும்."

நான் சுடுதண்ணி வைப்பதற்குள் அவரே குளியலறைக்குள் போய் ஒன்றை எடுத்துவந்து தேய்க்கத் தொடங்கிவிட்டார். அது பழையது இல்லை. என்னுடையது.

எஞ்சினை ஓடவிட்டு அளந்தார். பதினாலுக்கு மேலே காட்டியது. ஓடும்போது பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஒல்ரனேற்றரில் பிழை இல்லை என்பது தீர்ப்பு. பற்றறியும் புதிது. "அப்ப களவு," என்றார் மெதுவாக. "கார் நித்திரை கொள்ளேக்கை ஆரோ கரண்ட் குடிக்கிறான்."

பற்றறியின் கறுப்பு வயரைக் கழற்றி, இடையில் மீற்றரைப் பூட்டினார். ஒருவரும் கதவைத் தொடக்கூடாது, கார் நித்திரையாகட்டும் என்று கட்டளை. நானும் மனைவியும் அவருமாக மூன்று பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றோம். மேல்மாடி பல்கனியிலிருந்து ஒரு கிழவி எட்டிப் பார்த்து, யார் செத்தது என்று கேட்டாள். மீற்றர் அரை அம்பியரைக் காட்டியது. எல்லாம் அணைந்து நிற்கிற காருக்கு அது பெரிய குடி.

பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கள்ளன் இருக்கிற பாதையின் பியூஸைக் கழற்றினால் இலக்கம் விழவேண்டும். ரேடியோவைக் கழற்றினார், விழவில்லை. உள் லைற், ஹோர்ன், யன்னல், ஒன்றுக்கும் விழவில்லை. கடைசியில் பியூஸ் பெட்டி பொக்கை வாயாக நின்றது, மீற்றர் அரை அம்பியரிலேயே நின்றது. அவருடைய நெற்றியில் வியர்வையை அன்றுதான் பார்த்தேன்.

"அப்பிடியெண்டால் ஆரோ பற்றறியிலையிருந்து நேரை இழுத்திருக்கிறான். பியூஸும் இல்லாமல். படிக்காத முட்டாள் ஆரோ."

பற்றறியிலிருந்து போன ஒரு மெல்லிய சிவப்பு வயரை விரலால் பிடித்தபடி போனார். அது எஞ்சின் ஓரமாக ஓடி, ஓர் ஓட்டைக்குள் புகுந்து, உள்ளே வந்து பிள்ளையாருக்குக் கீழே முடிந்தது. அவர் அந்த மாலையைப் பார்த்தார். அது பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாளும் அது எரிவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், கும்பிட்டோம். செவ்வாய் காலைகளில் அது மங்கிக் கிடந்தபோது பிள்ளையாருக்கு முகம் வாடிவிட்டது என்று மனைவி தேங்காய்கூட உடைத்தாள். கரண்ட் குடிக்கிற சாமான் அது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமி விளக்கல்லவா.

மனைவிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணை, கார் வாங்கின அண்டைக்கு நீங்கள்தானே உந்த மாலையைப் பூட்டித் தந்தனீங்கள். அணையாமல் எரியவேணும் எண்டு நான் கேட்டன்."

மறுத்திருக்கலாம். எங்களுக்கு என்ன தெரியும்? வயர் பழுது, கார் பழசு என்று எதையாவது சொல்லியிருந்தால் நம்பியிருப்போம். அவர் மீற்றரை ஒருமுறை பார்த்தார்.

"மீற்றர் பொய் சொல்லாது," என்றார். "கள்ளன் நான்தான். சனியிலையிருந்து செவ்வாய் வரைக்கும் மூண்டு நாள் கார் ஓடாமல் நிக்குது. அவ்வளவு நேரமும் குடிச்சால் எந்தப் பற்றறி தாங்கும்?"

சாவியைத் திருப்பினால் மட்டும் எரிகிற மாதிரி மாற்றித் தருகிறேன் என்றார். மனைவிக்கு அதில் விருப்பமில்லை.

"அப்ப கார் நிக்கிற நேரமெல்லாம் பிள்ளையார் இருட்டுக்கையோ? நேர்த்தி என்னாகிறது?"

"தங்கச்சி, பெரிய கோயிலிலையே பூசை முடியக் கதவைச் சாத்திச் சாமியைப் படுக்கவிடுறாங்கள். உம்மடை பிள்ளையாருக்கு மட்டும் நித்திரை வேண்டாமோ?"

அவள் யோசித்துவிட்டு ஓம் என்றாள். ஒரு பியூஸும் போட்டு மாற்றிப் பூட்டினார். அன்று தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்.

செவ்வாய் விடிய நான் சாவியோடு கீழே இறங்கினேன். காருக்குப் பக்கத்தில் மீற்றர் அண்ணை நின்றார். காலடியில் பாரமான ஒரு பற்றறியும், அதிலிருந்து கரண்ட் எடுக்கிற தடித்த வயர்களும். அவ்வளவையும் தோளில் சுமந்து நடந்துதான் வந்திருக்கவேண்டும். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்தது. அவர் பற்றறியைத் தூக்கிக்கொண்டு படி கழுவப் போனார். சின்யோரா நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்து, தாதிமார் பிந்திவிட்டார்கள் என்று சண்டை பிடித்தார்.

பெர்மெஸ்ஸோ வந்துவிட்டது. கார் பிறகு ஒருநாளும் படுக்கவில்லை. ஆனாலும் செவ்வாய் காலைகளில் அவர் எங்கள் தெருமுனையில் நிற்கிறார். கேட்டால் பஸ்ஸுக்கு நிற்கிறாராம். கார் புகைவிட்டுக் கிளம்புகிற சத்தம் கேட்டதும் திரும்பி நடந்துவிடுவார். கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் கடல் கடந்து இருக்கிற எனக்கு, அந்த முதுகைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைந்துவிடுகிறது. எங்கள் தெருவால் பஸ் போவதில்லை. அதை நானும் சொன்னதில்லை, மனைவியும் சொன்னதில்லை.