நிமிடத்துக்கு ஐம்பத்துநான்கு அடி

நிவித்திகலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பாலம் கட்டி முடிந்து எட்டு மாதமாகியும் திறக்கப்படவில்லை. குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தது. நாடாவைத் தாண்டுவது குற்றம். ஆகவே சனங்கள் பாலத்துக்குக் கீழே இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய்வந்தார்கள். தப்புப் பறை அடிக்கும் சின்னத்தம்பிக்குத்தான் அவசரம். மகள் பிரேமலதாவுக்கு ஒன்பதாம் மாதம். ஆஸ்பத்திரியோ அக்கரையில்.

தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தது. திறப்பு விழா அணிநடை இசை பற்றிய சுற்றுநிருபம் வந்து சேரவில்லை. கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு சடங்கிசை உத்தியோகத்தர் நஸீம் வந்தார்.

“வேகம், நிமிடத்துக்கு நூற்றெட்டு அடி. சுருதி, பி ஃபிளாட் மேஜர். உணர்ச்சி, அளவான பெருமிதம். ஒன்பதாம் பிரிவைக் கவனிச்சுக்கொள்ளுங்க: எந்த உணர்ச்சியில் திறக்கப்படுகிறதோ, அந்த உணர்ச்சிக்குரிய காரியங்களின் பாவனைக்கே பாலம் திறந்து விடப்படும்.”

“சேர், இது தப்புங்க. காஞ்ச மானாப் புல்லைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினா சுருதி ஏறும். அவ்வளவுதான்” என்றார் சின்னத்தம்பி.

“எவ்வளவு காய்ச்சினா பி ஃபிளாட்?”

“போதும்னு தோலே சொல்லுமுங்க.”

‘தோலின் வாய்மூல ஒப்புதல் பெறப்படும்’ என்று நஸீம் எழுதிக்கொண்டார்.

“அளவான பெருமிதம்னா மூஞ்சிய எப்படி வச்சுக்கிறதுங்க?”

“சம்பளம் கூட்டித் தாறதாச் சொன்னா எப்படி வைப்பீங்க?”

“நம்ப மாட்டோமேங்க.”

“அந்த மூஞ்சிதான்.”

விழா நாளில் பிரமுகர் வந்தார். அவருக்கு முழங்காலில் வாதம். நூற்றெட்டுக்கு அடிவைக்க முடியாமல் பாலத்தை எட்டுமுன்னே நின்றுவிட்டார்.

“பாதியாக்குங்க!” என்றார் நஸீம், காதோடு.

“வேணாங்க சேர். பாதியாக்கினா அது வேற அடிங்க.”

“எந்த அடியானா என்ன? அவர் நடந்தாச் சரி.”

சின்னத்தம்பி பாதியாக்கினார். ஐம்பத்துநான்கு. தோட்டம் முழுக்கத் தெரிந்த சாவு அடி.

மலையில் கொழுந்து பறித்தவர்கள் கூடையை இறக்கினார்கள். அந்த அடி கேட்டால் வேலையை விட்டு வருவதுதான் வழக்கம். தலைவிரித்து முதலில் ஓடிவந்த இருளாயி பிணத்தைத் தேடினாள். வெள்ளை உடுப்பும் மாலையுமாக நின்றவரைக் கண்டாள்.

“ஐயோ, நிக்க வச்சே கொண்டு போறாங்களே!”

முந்நூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். மயானமும் அக்கரையில். ஆகவே கூட்டம் பிரமுகரை நடுவில் வைத்து நேரே பாலத்தில் நடந்தது. நாடா அறுந்தது. பிரமுகர் கண்கலங்கினார். இவ்வளவு அன்பை அவர் எங்கும் கண்டதில்லை.

நஸீம் நேர்மையானவர். ‘உணர்ச்சி’ என்ற கட்டத்தில் ‘துக்கம்’ என்றே எழுதினார். ஒன்பதாம் பிரிவின்படி மறுவாரமே பாலத்தில் பலகை ஏறியது: ‘இறுதி ஊர்வலங்களுக்கு மட்டும்’.

பலகை ஏறிய அன்றே பிரேமலதாவுக்கு வலி கண்டது. கட்டிலோடு தூக்கிவந்தவர்களைக் காவலாளி மறித்தான்.

“யாரு செத்தது?”

சின்னத்தம்பி மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, “அடிங்கப்பா” என்றாள்.

பாதிப் பாலத்தில் போர்வைக்குள்ளிருந்து மறுபடி குரல் வந்தது. “வெரசா அடிங்கப்பா!”

“வேகம் கூட்டினா மறிச்சிருவாங்க புள்ள.”

ஆஸ்பத்திரி வாசலில் பெண் குழந்தை பிறந்தது.

அன்றிலிருந்து சந்தைக்கானாலும் பள்ளிக்கூடத்துக்கானாலும் சின்னத்தம்பியின் தப்புத்தான் முன்னே போகும். காவலாளியின் பதிவேட்டின்படி தோட்டத்தில் ஒருவரும் மிச்சமில்லை. இருளாயி மட்டும் நாற்பது தடவை போய்ச் சேர்ந்திருந்தாள்.

தேர்தலன்று காலையில் பலகையைக் கழற்றினார்கள். எல்லோரும் உயிரோடு பாலத்தைக் கடந்து, பாலம் தந்த பிரமுகருக்கே வாக்களித்தார்கள். திரும்பும்போது பலகை பழைய இடத்தில் இருந்தது. விரலில் மை காயுமுன்னே சின்னத்தம்பி தோளில் கிடந்த தப்பை அடிக்க இறக்கினார்.