நாலு மணி அமைதி

"யாரும்மா இந்த அமைதி? தினமும் நாலு மணிக்கு வர்றாங்க, ஒரு நாள்கூட என் கண்ணுல படலையே?"

மேனேஜர் கையில் மீட்டிங் அறையின் பதிவு நோட்டு. புகார் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்சல் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவள் ஒருத்திதான், அதனால் அந்தப் பெயர். 'நாலு மணி – அமைதி' என்று அவள் நோட்டில் எழுதியது ஆளின் பெயரை அல்ல, ஆசையை.

தான் போட்ட டீயைத் தானே சூடாகக் குடித்து அவளுக்கு ஆறு வருடமாகிறது. வீட்டில் வாய்க்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்து மகனுக்கு ஒரு சாக்ஸ் காணாமல் போகும், கணவருக்கு நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி காணாமல் போகும். ஆபீசில் ஊரார் பார்சலெல்லாம் காணாமல் போகும். கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம், ஒரு டீ. அதற்குத்தான் ஏங்கினாள்.

போன மாதம்வரை அந்த அறையில் நாலு மணிக்கு சாந்தி என்ற ஆலோசகரை மேனேஜர் சந்தித்துக்கொண்டிருந்தார். பதவி உயர்ந்ததும் மேனேஜருக்கு அதற்கு நேரமில்லாமல் போனது. அறை காலியாயிற்று.

"பெரிய கஸ்டமர் சார்," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "மாசம் ஆயிரம் பார்சல் அனுப்புவாங்க. கூச்ச சுபாவம். பின்வாசல் வழியா வந்துட்டுப் போயிடுவாங்க."

ஆயிரம் என்றதுதான் வினையாகிவிட்டது. மறுநாளே விற்பனைப் பிரிவுக்காரர் வந்து நின்றார்.

"அமைதி மேடம் நம்பர் குடுங்கக்கா. நான் பேசி மடக்கிடறேன்."

வேறு வழியில்லாமல் தன்னுடைய இன்னொரு நம்பரைக் கொடுத்தாள். அன்றிலிருந்து மணி நாலு அடித்தால் ஃபோனும் அடித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குரலை மாற்றித் தள்ளுபடி பேசி முடிப்பதற்குள் டீயில் ஆடை படர்ந்துவிடும்.

பொறுக்க முடியாமல் அமைதியின் பெயரில் ஒரு கடிதம் எழுதிப் போட்டாள்: 'என்னைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்.'

புகார்க் கடிதம் வேறெங்கே வரும்? மேனேஜர் சிவப்பு மையில் எழுதிய குறிப்போடு அவள் மேசைக்கே வந்தது. 'அவசரம். நாலு மணிக்குள் விளக்கம் தேவை.'

விளக்கத்துக்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது மேனேஜரே எழுந்து வந்துவிட்டார்.

"நீங்க இருங்க. இன்னைக்கு அமைதியை நானே பாத்துக்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஈ காக்கை கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். வேலை போனாலும் போகட்டும், அந்தக் கால் மணி நேரம் போகிறதே என்றுதான் அவளுக்கு அழுகை முட்டியது.

நாலே காலுக்கு மேனேஜர் வெளியே வந்தார். முகத்தில் தூங்கி எழுந்த தெளிவு.

"ரொம்ப நல்ல மாதிரி. நாளையிலேர்ந்து மூணே முக்காலுக்கு நான் பாக்கறேன், நாலு மணிக்கு நீங்க பாருங்க. இனிமே யாரும் அவங்களுக்கு ஃபோன் பண்ண மாட்டாங்க."

புகார் அக்கா திருதிருவென்று விழித்தாள். உள்ளே போய்க் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்த டீக்கார அம்மா அவள் பக்கம் குனிந்தாள்.

"ஏம்மா முழிக்கற? சாந்தி வந்துட்டிருந்த காலத்துலயும் அந்த ரூமுக்கு ஒரு டீதான் போகும்."