சிவப்புக் காகிதம் ஒட்டிய போத்தல்

ஜன்னல் கட்டையில் இருந்த போத்தலைக் காணவில்லை. தூசியில் அதன் வட்டம் மட்டும் பதிந்திருந்தது.

தோட்டத்து மருந்துக்காரர் ஜெயரத்தினம் அலமாரியைப் பார்த்தார், மேசைக்கடியில் பார்த்தார், பதற்றத்தில் தன் சட்டைப்பைக்குள்ளும் பார்த்தார்.

"லியனார்ட், சிவப்புக் காகிதம் ஒட்டின போத்தல் எங்கை?"

"திருகுமூடி போட்டதுங்களாய்யா? சனிக்கிழமை இருந்துச்சே. என்ன மருந்துங்க அது?" என்றான் உதவியாள் லியனார்ட்.

"மருந்தில்லையடா. எலிக்கிருமி."

சுதந்திரம் வந்த பிறகும் அந்தத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரர்தான் துரை. அரிசிக் களஞ்சியத்து எலிகளை ஒழிக்க அவர் கொழும்பிலிருந்து தருவித்த கிருமி அது. சோற்றில் பிசைந்து வைத்தால், தின்ற எலி தின்னாத எலியையும் சேர்த்துக்கொண்டு சாகும். மனிதர் வயிற்றுக்குள் போனாலும் அதே கதிதான்: முதலில் பேதி, பிறகு காய்ச்சல், பிறகு குழி. விஷயம் தெரிந்தால் சனங்கள் களஞ்சியத்து அரிசியை வாங்க மாட்டார்கள் என்பதால், வெளியே சொல்ல வேண்டாம் என்றிருந்தார் துரை. குளிர்ச்சியாக வைக்கச் சொன்னதால் ஜெயரத்தினம் அதை ஜன்னலோரம் வைத்திருந்தார்.

"யாராச்சும் குடிச்சிருந்தா?" என்றான் லியனார்ட்.

"வாயை மூடு."

கூட்டிப் பெருக்கும் பேச்சியம்மாவைக் கேட்கலாமென்றால், அவளோ மகளின் பிரசவம் பார்க்க வட்டவளைக்குப் போயிருந்தாள்.

போத்தல் திருடு போவதில் அதிசயம் எதுவுமில்லை. போத்தல் கொண்டுவராதவருக்கு மருந்து கிடையாது என்பது ஜெயரத்தினத்தின் சட்டம். இருமி இருமிச் சாகக் கிடந்தாலும், "போத்தல் எங்கை?" என்றுதான் கேட்பார். ஒரு சொட்டு மருந்து வீணாக விடமாட்டார். குடித்து மிஞ்சியதைக்கூடப் பெரிய ஜாடியில் திருப்பி ஊற்றச் சொல்வார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு நல்ல போத்தலுக்கு இருந்த மதிப்பு நகைக்குக்கூட இல்லை.

அதை வைத்தே பிடிக்கலாம் என்று நினைத்தார். காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது லியனார்ட் சத்தம் போட்டான்: "வீட்டுல இருக்கிற போத்தலையெல்லாம் கொண்டாங்க. ஐயா இருமல் மருந்து சும்மா தாறாரு."

மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி வாசல் போத்தலால் நிறைந்தது. மண்ணெண்ணெய்ப் போத்தல், சாராயப் போத்தல், மாதா கோயில் தீர்த்தப் போத்தல் எல்லாம் வந்தன. தேடிய போத்தல் மட்டும் வரவில்லை. இருமல் மருந்து தீர்ந்ததுதான் மிச்சம்.

கங்காணி வீரய்யா அருகில் வந்தார். "சொல்லிப்புடுங்கய்யா. இந்த மனுசன் சும்மா ஒண்ணும் குடுக்க மாட்டாரேன்னு சனம் பயப்படுது."

ஜெயரத்தினம் அவர் காதோடு உண்மையைச் சொன்னார். வீரய்யா அதைத் தன் மனைவி காதோடு மட்டும் சொன்னார். பொழுது சாய்வதற்குள் வயிறு வலிக்காதவர் லயத்தில் ஒருவருமில்லை.

"நேத்திலேருந்தே எனக்கு ஒரு மாதிரியா இருக்கு," என்றான் மாயாண்டி.

"நேத்து நீ குடிச்சது வேற," என்றாள் அவன் மனைவி நாகலெட்சுமி. ஆனாலும் அவன் கையை விடவில்லை. இடுப்பில் பால்குடி மறவாத பெண் குழந்தை.

ஜெயரத்தினம் பேதியுப்புத் தண்ணீர் இருந்த பெரிய ஜாடியைத் திறந்தார். உள்ளே போயிருந்தால் வெளியே வந்துதானே ஆக வேண்டும்.

"எல்லாரும் குடியுங்கோ. ஒருத்தரும் தப்பக்கூடாது."

"இதுவும் விசமா இருந்தா?" என்றான் மாயாண்டி.

ஜெயரத்தினத்துக்குக் கோபம் வந்தது. எல்லோரும் பார்க்க ஒரு குவளை நிறைய மொண்டு குடித்தார். மனைவி குணபூசணியையும் கூப்பிட்டுக் குடிக்க வைத்தார். அதன்பிறகு சனங்கள் வரிசையில் நின்றார்கள். குழந்தைக்கு அரைக் குவளை.

மறுநாள் கொழுந்து பறிக்க ஆளில்லை. தேயிலைச் செடிக்குச் செடி ஒரு தலை தெரிந்தது. கூடைகளோ லயத்திலேயே கிடந்தன. துரை குதிரையில் வந்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார்.

"ஐயா, இதுல கிருமிப் பேதி எது, நம்ம பேதி எது?" என்று லியனார்ட் கேட்டான்.

ஜெயரத்தினத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கிருமியின் அடையாளத்தைத் தானே எல்லோருக்கும் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறார்.

"கூடுதலாப் போறவைக்கு இன்னொரு குவளை குடு. முழுக்கக் கழுவட்டும்."

அதற்கும் அடுத்த நாள் மாயாண்டி எழுந்திருக்கவில்லை. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பிறகு நாகலெட்சுமி, பிறகு வரிசையாக லயம் லயமாக. குழந்தை அழுவதை நிறுத்திவிட்டது.

"பேதியுப்புக்குக் காய்ச்சல் வராது," என்றார் ஜெயரத்தினம் மெதுவாக. "அப்ப இவையள் உண்மையாவே கிருமியைக் குடிச்சிருக்கினம்."

"இத்தனை பேருமாங்கய்யா? ஒத்தைப் போத்தலையா?"

ஜெயரத்தினத்துக்கும் காலையிலிருந்து உடம்பு நடுங்கியது. பனி அதிகம் என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

சாயங்காலம் ஹட்டன் ஸ்டேசனில் இறங்கி மேலேறி வந்தாள் பேச்சியம்மா. நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து கையை நீட்டினாள். கையில் அகன்ற வாய்ப் போத்தல், திருகுமூடியோடு. சிவப்புக் காகிதத்தைச் சுரண்டிப் பளபளவென்று தேய்த்திருந்தாள்.

"போத்தலில்லாம வராதேன்னு அன்னைக்கு வெரட்டுனீங்களேங்கய்யா. இந்தா கொண்டாந்துட்டேன். இருமல் மருந்து குடுங்க."

ஜெயரத்தினம் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அவர் கண்கள் கலங்கின.

"நீ குடிக்கேல்லையே?"

"மோந்து பாத்தேன், நாத்தம் அடிச்சுது. நான் ஏங்கய்யா குடிக்கிறேன்?"

லியனார்ட் சிலுவை போட்டுக்கொண்டான். வீரய்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒருவரும் குடிக்கவில்லை, அப்படியென்றால் இது வெறும் காய்ச்சல், வந்தபடி போய்விடும். ஜெயரத்தினம் நாட்கணக்கில் மறந்திருந்த சிரிப்பைச் சிரித்தார்.

"நல்ல காலம். உள்ளுக்க இருந்ததைத் தண்ணி ஓடுற கானுக்குள்ள ஊத்திப்போட்டாய் போல."

பேச்சியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"கான்ல ஊத்துவேனாங்கய்யா? ஒரு சொட்டும் வீணாக்காதேன்னு நீங்க சொன்னபடி, சனிக்கிழமையே பேதியுப்பு ஜாடியிலதான் ஊத்தி வச்சேன்."