ஒட்டாத விபூதி

மாலை ஐந்து பத்து. முதலில் கண்ணில் பட்டது ஒரு சிப்பாயின் விரல் நுனியிலிருந்து ஒட்டாமல் நழுவிக்கொண்டிருந்த வெள்ளைத் தூள்.

அந்தத் தூள் என்னுடையது. சரியாகச் சொன்னால், கொட்டாஞ்சேனையில் நான் வேலை பார்த்த வார்ப்புப் பட்டறையினுடையது. (பட்டறை என்பது எழுதுவதற்கு, எங்கள் வாயில் அது ‘பவுண்டரி’தான்.) போர்க்காலக் கொழும்பில் பையில் வெள்ளைத் தூளோடு பஸ் ஏறுகிற தமிழ் இளைஞன் ஒன்றில் துணிச்சல்காரனாக இருக்க வேண்டும், அல்லது அசடனாக இருக்க வேண்டும். எனக்குத் துணிச்சல் கிடையாது.

பவுண்டரியில் ஈர மணலில் அச்சு எடுத்து, உருக்கிய இரும்பை அதில் ஊற்றுவார்கள். அச்சு எடுக்கப் பயன்படும் மர உருவில் மணல் ஒட்டிக்கொண்டால் எல்லாம் பிய்ந்துபோகும். ஆகவே மெல்லிய துணிப் பையில் ஒரு தூளைக் கட்டி, குளித்த குழந்தைக்குப் பவுடர் போடுவது போல உருவின் மேல் தட்டுவார்கள். அதற்குப் பார்ட்டிங் பவுடர் என்று பெயர். கப்பலில் வந்துகொண்டிருந்த தூள் வராமல் நின்றபோது, முதலாளி மர்சூக் நானா சுண்ணக்கல் மாவில் மெழுகு சேர்த்து அரைத்துத் தானே ஒன்றைச் செய்தார். நல்ல சரக்கு. அதை மற்றப் பட்டறைகளுக்கு விற்பதுதான் என் வேலை. கல்யாணத் தரகர் என் சாதகத்தோடு கொடுத்த குறிப்பில் இந்த வேலை ‘மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’ என்று உயர்ந்திருந்தது.

அன்று சனிக்கிழமை. புறப்படும்போது நானா ஒரு துணிப் பை நிறையத் தூளை என் கையில் தந்தார்.

“தம்பி, திங்கக்கிழம கிருலப்பனைப் பட்டறக்காரருக்குக் காட்டோணும். இப்பவே ஊட்டுக்குக் கொண்டு போங்க. தண்ணிய ஊத்திக் காட்டுங்க, போதும். வாயத் தொறக்க வாணாம். நீங்க வாயத் தொறந்தா யாவாரம் கெட்டுப் போகும்.”

அந்தப் புத்திமதியை நான் மிக விசுவாசமாக, மிகப் பிழையான இடத்தில் கடைப்பிடித்தேன்.

மட்டக்குளியிலிருந்து வெள்ளவத்தைப் பக்கம் போகும் பஸ். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றோம். சிப்பாய்க்கு என் வயதுதான் இருக்கும். என் கைப்பைக்குள் கைவிட்டுத் துணிப் பையை எடுத்தான். அவிழ்த்தான். விரலை விட்டான்.

“மேக்க மொகத்த?” (இது என்ன?)

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். கடைக்காரரோடு விலை பேசுவேன். பஸ் நடத்துநரோடு சண்டையே பிடிப்பேன். ஆனால் அந்த நேரத்தில் என் தலைக்குள் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல்.

“பவுடர்,” என்றேன்.

சிப்பாயின் முகம் மாறியது. (இன்று யோசித்தால், அந்தக் காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் சொல்லியிருக்கக்கூடிய சொற்களில் அதைவிட மோசமானது ஒன்றிரண்டுதான் இருக்கும்.)

அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நிதானமான, சுத்தமான சிங்களம். “தெய்யன்கே அளு, மாத்தயா.” கடவுளின் சாம்பல், ஐயா என்று அர்த்தம்.

திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதியால் மூன்று குறி, கக்கத்தில் குடை. கோயிலிலிருந்து கொண்டுவருவது, நோய், வருத்தம் என்று கிடப்பவருக்குப் பூசுவது என்று அவர் மேலும் இரண்டு வரி சொன்னார். வெள்ளைத் துணிப் பையில் வெள்ளைத் தூளை ஒரு தமிழ்ப் பையன் பத்திரமாகக் கொண்டுபோனால் அது விபூதியன்றி வேறு என்னவாக இருக்க முடியும்? அவர் பொய் சொல்லவில்லை. முழுமனதோடு நம்பித்தான் சொன்னார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ‘இல்லை ஐயா, இது இரும்பு வார்ப்பதற்கு’ என்று சிப்பாயின் முன்னால் அவரைத் திருத்தியிருக்க வேண்டுமா? இருவரில் ஒருவர் பொய்யர் என்று ஆகிவிடும். இருவரையும் உட்கார வைப்பார்கள். பேசாமல் நின்றேன்.

சிப்பாயின் முகம் இளகியது. கதிர்காமத்து முருகனிடம் போய்வருகிற சிங்களவர்களில் ஒருவனாக இருக்க வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, பையை இரண்டு கைகளாலும் திருப்பித் தந்தான். வியர்த்த நெற்றியில் தூள் நிற்கவில்லை. மெல்ல வழுக்கி அவனுடைய புருவத்தில் வந்து தங்கியது. நானா பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

பஸ்ஸில் அந்த மனிதர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

“ஊர்க் கோயில் விபூதியோ, தம்பி?”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். கடமை முடிந்த இன்னொரு சிப்பாய் அதே பஸ்ஸில் ஏறி, எங்கள் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் தலை ஒருவிதமாக அசைந்தது. அதை ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். அவர் ஓம் என்று எடுத்தார்.

“ஊருக்குப் போற பாதை பூட்டினாப்பிறகு ஊர் விபூதி கண்ணாலை காணேல்லை. குறை நினைக்காதையுங்கோ, எனக்கும் ஒரு துளி தாறியளோ?”

அவருடைய கண் கலங்கியிருந்தது. இனி இவரை எங்கே காணப்போகிறேன் என்று நினைத்து, அவர் நீட்டிய காகிதத்தில் தாராளமாகவே கொட்டினேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, அதன் மேல் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனோம். நானும் அம்மாவும் மட்டும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கை. ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக்குள் கண்ணாடிக் கோப்பைகள் கிலுகிலுக்கும் வீடு. கதவைத் திறந்தவரின் கையில் குடை இல்லை. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

“வாங்கோ, வாங்கோ. தம்பியை எனக்குத் தெரியும்,” என்றார் பெண்ணின் தகப்பன் இராசநாயகம், ஓய்வுபெற்ற தபால் அதிபர்.

நடந்தது இதுதான். பெண்ணைக் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்துக்குச் சொல்லாமல் போய் விசாரிப்பது எங்கள் வழக்கம். அவரும் கொட்டாஞ்சேனைக்குப் போய், தேத்தண்ணீர்க் கடையில் என்னைப் பற்றி நாலு பேரிடம் கேட்டு, ஆளையும் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, நான் ஏறிய பஸ்ஸிலேயே ஏறியிருக்கிறார்.

“கடையிலை நல்லாத்தான் சொன்னவை. ஆனா எனக்கு மனம் விழுந்தது பஸ்ஸிலைதான்,” என்று அம்மாவிடம் சொன்னார். “இந்தக் காலத்திலை ஊர் விபூதியைக் கட்டிக்கொண்டு திரியிற பெடியன் எங்கை கிடைப்பான்?”

அம்மா என்னைப் பார்த்தார். என் பக்தியைப் பற்றி அவர் கேள்விப்படுவது அதுதான் முதல் தடவை.

பெண் வாசுகி தட்டத்தில் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். பச்சைச் சேலை. நல்ல காரியம் பேச முதல் எல்லோரும் ஊர் விபூதி பூசவேண்டும் என்று தகப்பன் அந்தப் பொட்டலத்தை அதுவரை பிரிக்காமல் வைத்திருந்தார். தூளை உள்ளங்கையில் கொட்டினார். வாசுகி தண்ணீர் விட்டாள்.

தண்ணீர் சேம்பிலையில் விழுந்தது போல உருண்டது. அவர் விரலால் குழைத்தார். தண்ணீர் ஒரு பக்கம் ஓடியது. தூள் மறுபக்கம் உலர்ந்தே கிடந்தது. இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார். தண்ணீர் முழங்கை வழியே வேட்டியில் வடிந்தது. தூள் அசையவில்லை.

“இஞ்சாருங்கோ,” என்றார் பெண்ணின் தாய், குரலைத் தாழ்த்தி. “விபூதி குழையமாட்டெண்டுதே. நல்ல காரியம் பேசேக்கை... இது நல்லதுக்கில்லை. விட்டிடுவம்.”

வாசுகியின் முகம் வாடுவதைக் கண்டேன். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அங்கே நான் சொல்லியிருக்கக்கூடிய பக்குவமான வார்த்தைகள் பல உண்டு. ஆனால் என் வாயிலிருந்து வந்தது விற்பனைக்காரனின் குரல்.

“அது குழையாது, ஐயா. அதுதான் அதின்ரை குவாலிட்டி. ஈரம் கிட்டவும் வராது.”

ஒரு ரயில் போனது. கோப்பைகள் கிலுகிலுத்து அடங்கின.

“எது குழையாது?” என்றார் இராசநாயகம்.

சொன்னேன். மணல், மர உருவம், மெழுகு, நானா, கிருலப்பனை. தொடங்கிய பிறகு நிறுத்தத் தெரியவில்லை. அச்சு எவ்வளவு சுத்தமாகக் கழன்று வரும் என்பதைக் கையால் காட்டியும் விட்டேன்.

“அப்ப நான் ஆமிக்காரனுக்குச் சொன்னது?”

“பிழை, ஐயா.”

“அவன் திருப்பிக் கேட்டிருந்தால் ரெண்டு பேரும் எங்கை போயிருப்பம் எண்டு தெரியுமோ உமக்கு?”

‘தம்பி’ போய் ‘உமக்கு’ வந்ததை அம்மாவும் கவனித்தார். தூள் இன்னும் இராசநாயகத்தின் உள்ளங்கையிலேயே இருந்தது. அதைப் பார்த்து வாசுகி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, முடியாமல், செம்பைத் தட்டத்தோடு தாயிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். குசினிக்குள்ளிருந்தும் சிரிப்புக் கேட்டது.

எங்களுக்குத் தேத்தண்ணீர் வரவில்லை.

“பஸ்ஸிலை திறக்கவேண்டிய வாயை இஞ்சை வந்து திறந்தனீ,” என்றார் அம்மா, காலி வீதி என்கிற பெருந்தெருவுக்கு வந்ததும். (பின்னாளில் நான் பத்திரிகை வேலைக்குப் போனபோது, அந்த வசனத்தைத்தான் தொழில் விதியாக வைத்துக்கொண்டேன்.)

அடுத்த சனிக்கிழமை இராசநாயகம் பவுண்டரிக்கு வந்தார். இம்முறை மறைவில்லாமல், நேரே நானாவிடம். நான் மணல் குவியலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

“இந்தத் தூளை ஒருக்காப் பாக்கவேணும்.”

“வாங்க மாஸ்டர். பாக்கிறதுக்குக் காசில்ல,” என்றார் நானா. பையைத் தட்டினார்கள், மணலை இடித்தார்கள், உருவைத் தூக்கினார்கள். ஒரு மணல் துகள்கூட ஒட்டாமல் வந்தது. இராசநாயகம் தானே தண்ணீர் வாங்கித் தூளின் மேல் ஊற்றி, அது உருண்டு ஓடுவதைக் குனிந்து பார்த்தார்.

“பெடியன் எப்பிடி?” என்று கேட்டார்.

“நல்ல புள்ள. யாவாரத்துக்குத்தான் சரிவராது. உள்ளதையெல்லாம் செல்லிப்போடுவார்.”

இராசநாயகம் குடையை ஊன்றிக்கொண்டார். “மகளும் அதைத்தான் சொல்லுறாள்,” என்றார். பிறகு மணல் குவியலைப் பார்த்து, “தம்பி, வெளியிலை வாங்கோ. அம்மாவோடை கதைக்கவேணும்,” என்றார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. ஐயர் விபூதித் தட்டை நீட்டியபோது, மாமியார் சபை பார்க்க ஒரு துளி தண்ணீர் விட்டுச் சரிபார்த்த பிறகே என்னைப் பூசவிட்டார். அன்று தொடங்கியது. இன்று லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிற மருமக்கள்கூட என்னை ‘ஒட்டாத விபூதி மாமா’ என்றுதான் சொல்கிறார்கள். வாசுகி சொன்னால் சிப்பாயின் புருவம், வேட்டியில் வடிந்த தண்ணீர், என் குவாலிட்டி விளக்கம் எல்லாம் நடிப்போடு வரும். அம்மா தன் வசனத்தைத் தானே வந்து சொல்லுவார்.

வாசுகியின் தகப்பன் மட்டும் கடைசி வரை அந்தக் கதையைச் சொன்னதில்லை. யாராவது தொடங்கினால், எழுந்து முன் விறாந்தைக்குப் போய், கதை முடியும் வரை, சாவடி வரிசையில் நிற்பவர் போல, வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.