ஏரி தெரியுதா?

கொடைக்கானல் மூடுபனிக்குச் சொந்தக்காரர் என்று யாராவது உண்டென்றால் அது மிஸ்ட் சார்தான். மற்றவர்களெல்லாம் அதற்குள் சும்மா நடமாடிக்கொண்டிருந்தோம், அவ்வளவே. மிஷன் பள்ளி ஹாஸ்டலில் வார்டனாக இருந்து ரிட்டயரானவர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதை நான் பாஸ்புக்கில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு பேங்க் கிளையில் நான் கிளார்க். எங்கள் ஜன்னலிலிருந்து ஏரி தெரியும். மிஸ்ட் சார் வீடு மலையின் மறுசரிவில், அங்கிருந்து தெரியாது. ஆகவே தினமும் பேங்க் திறந்ததும் போன் அடிக்கும்.

"தம்பி, ஏரி தெரியுதா?"

"இல்ல சார், ஒரே மிஸ்ட்டாக் கெடக்கு."

"கரை மட்டுமாவது?"

"கரையும் இல்ல சார்."

"சரி, சோலியப் பாருங்க."

பரம திருப்தியுடன் வைத்துவிடுவார். எதற்கு இந்தத் தகவல் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்ற பயம்தான்.

தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த புது மேனேஜருக்கு இந்தச் சம்பிரதாயம் தெரியாது. ஒருநாள் போனை எடுத்தவர், தலைகூட நிமிராமல் "தெரியுது, தெரியுது" என்று சொல்லி வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் குடையும் மப்ளருமாக மிஸ்ட் சார் உள்ளே வந்தார். மேனேஜரின் கையைப் பிடித்து ஜன்னலுக்கு அழைத்துப் போனார். வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

"எங்க தெரியுது? காட்டுங்க, நானும் பாத்துக்கிறேன்."

மேனேஜர் ஜன்னல் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். "பாக்காம சொல்றது பொய்யிங்க சார். அதுலயும் மிஸ்ட்டப் பத்திப் பொய் சொல்லவே கூடாது" என்று ஆரம்பித்து, மலையேறி வரும் மேகத்தின் குணாதிசயங்களை மிஸ்ட் சார் விளக்கி முடிப்பதற்குள் கவுண்டர் க்யூ வாசலைத் தாண்டிவிட்டது. அன்றிலிருந்து, அவர் போன் வந்தால் மேனேஜர் உட்பட யாராக இருந்தாலும் எழுந்து போய் ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வோம்.

அவர் மனைவி பிலோமினா டீச்சருக்கு வேறு கவலை. சீசனுக்கு வருகிறவர்களுக்கு முன்னறையை வாடகைக்கு விட்டுத்தான் அவர்கள் பிழைப்பு. போன் வாங்கியதே அதற்காகத்தான். அந்த அறையின் தகரக் கூரை சல்லடையாகிவிட்டது. "வானத்தப் பாத்தது போதும், கொஞ்சம் கூரையையும் பாருங்க" என்பார் டீச்சர். ரிட்டயரானபோது வந்த பணம் முழுவதும் அதற்காகவே எங்கள் பேங்கில் கிடந்தது. ஐப்பசி மழைக்குள் கூரையை மாற்றாவிட்டால் அடுத்த சீசனுக்கு யாரும் வரமாட்டார்கள்.

அந்தப் புரட்டாசியில் ஒருநாள் காலை மிஸ்ட் சார் வீட்டு போன் அடித்தது. லைன் போட்டுக்கொடுத்த எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் "பேசுங்க" என்றதோடு சரி, எங்கிருந்து என்று சொல்லவில்லை.

"பேங்க்லருந்து பேசுறோம். பழைய பாஸ்புக்கையெல்லாம் மாத்துறோம். பணம் எடுக்கிற ஃபாரத்துல தொகை எழுதாம கையெழுத்து மட்டும் போட்டு, பாஸ்புக்கோட வைங்க. நம்ம ஆளு வெரசா வந்து வாங்கிக்கிடுவாரு."

மிஸ்ட் சார் ஒரு கேள்வி கேட்கவில்லை. பேங்க் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு, டிரங்குப் பெட்டியைத் திறந்து இரண்டையும் எடுத்து, கையெழுத்தும் போட்டுவிட்டார். போனை வைக்கப் போகிற நேரத்தில் பழக்கம் விடவில்லை.

"தம்பி, ஏரி தெரியுதா?"

"ஏரியா? ஜம்முனு தெரியுதுங்க. வெயிலு சுள்ளுனு அடிக்குது."

நாலைந்து நாளாக ஊரில் மிஸ்ட்டில் அவனவன் வீட்டு வாசலே அவனவனுக்குத் தெரியவில்லை. மிஸ்ட் சாருக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஏமாற்றுகிறான் என்ற எண்ணமெல்லாம் வரவில்லை. ஜன்னலைப் பார்க்காமல் பதில் சொல்கிறான், அதுதான் குற்றம். பாஸ்புக்கையும் ஃபாரத்தையும் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு பேங்குக்குக் கிளம்பிவிட்டார்.

"யாருப்பா அது, போன்ல ஏரி தெரியுதுன்னது?"

பேங்கே எழுந்து நின்றது. "நாங்க யாரும் உங்களுக்கு போன் பண்ணலையே சார்" என்றேன். "பண்ணியிருந்தாலும் பாக்காமச் சொல்லுவமா?"

சாட்சிக்கு அவர் எடுத்து நீட்டிய ஃபாரத்தைப் பார்த்ததும் அந்தக் குளிரிலும் மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. அந்த ஃபாரம் வேறொருவன் கையில் போயிருந்தால், பாஸ்புக்கோடு என் கவுண்டருக்குத்தான் வந்திருக்கும். கையெழுத்து சரியாக இருக்கிறது என்று நான்தான் பாஸ் செய்திருப்பேன். கூரைப் பணம் மொத்தமும் அன்றே போயிருக்கும்.

மேனேஜர் அவரை உட்கார வைத்து, இது மோசடி, உங்கள் பணத்தை வழித்துக்கொண்டு போகப் பார்த்திருக்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். மிஸ்ட் சார் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சரிங்க சார். இப்ப ஏரி தெரியுதா?"

மேனேஜர் எழுந்து போய்ப் பார்த்தார். "இல்லைங்க."

"அப்ப நம்ம பேங்க்ல யாரும் பொய் சொல்லல" என்று நிம்மதியாகக் குடையை எடுத்துக்கொண்டார்.

இதற்குள் அவர் வீட்டுக்கு அந்த 'நம்ம ஆளு' வந்திருக்கிறான். "பேங்குக்குத்தான் போயிருக்காங்க. உக்காருங்க, மேனேஜரையே கூட்டிட்டு வந்தாலும் வந்துருவாங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் காப்பி போட உள்ளே போயிருக்கிறார். திரும்பி வந்தால் ஆளில்லை. போலீஸ்காரர் அடையாளம் கேட்டதற்கு, "மப்ளர் கட்டியிருந்தான்" என்றார் டீச்சர். கொடைக்கானலில் அதை வைத்துப் பிடிப்பதென்றால் அந்தப் போலீஸ்காரரையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். போன் வத்தலக்குண்டிலிருந்து வந்தது என்று எக்ஸ்சேஞ்சில் சொன்னார்கள். மலையடிவாரத்தில் வெயில் சுள்ளென்றுதான் அடித்திருக்கும். பாவம், அந்த ஒன்றை மட்டும் அவன் உண்மையாகச் சொல்லியிருக்கிறான்.

ஐப்பசிக்குள் கூரை மாறியது. முதல் பெருமழையன்று பேங்குக்கு வந்த போனில் டீச்சர் குரல். "தம்பி, இங்க ஒரு சொட்டு எறங்கல. பக்கத்துல நின்னுக்கிட்டு, ஏரி தெரியுதான்னு கேக்கச் சொல்றாங்க." நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

இப்போது திண்டுக்கல் வெயிலில் நானும் ரிட்டயராகி உட்கார்ந்திருக்கிறேன். மிஸ்ட் சார் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. "சார், பேங்க்லருந்து பேசுறோம், உங்க கார்டு பிளாக் ஆகப் போகுது" என்று அடிக்கடி எவனாவது கூப்பிடுகிறான். "ஏரி தெரியுதா தம்பி?" என்று கேட்பேன். பட்டென்று வைத்துவிடுவான். நான் மட்டும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். "சரி, சோலியப் பாருங்க" என்று அந்தக் குரல் ஒரு தடவை சொல்லாதா என்று இருக்கும்.